ஏழாவது நடைமேடை

பேருந்து நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மைக்கக்கா. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்வது வேலை. சின்ன வயதிலிருந்தே வலிப்பு நோய் உண்டு. மாத்திரைக்கு அடங்கிக் கிடக்கிறது. தூக்கம்தான் யாருக்கும் அடங்குவதில்லை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஷிப்ட் மாறினால் எங்கிருந்து வரும்? தூக்கம் கெட்டால் ஒற்றைத் தலைவலி. இன்னும் கெட்டால் வலிப்பே திரும்பலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

பகல் ஷிப்டையே நிரந்தரமாகக் கேட்டிருந்தாள். "முதல்ல நீ பேசுறதைக் கேக்கணும்" என்று மேலாளர் வந்து நின்ற நாளில், முந்தைய இரவு பொட்டுத் தூக்கமில்லை.

இடது கண்ணோரம் வெளிச்சம் நெளிந்தது. தலைவலிக்கு முன்னோடி அது. அது வந்தால் நாக்கில் 'ழ' தங்காது. 'பாலம் வழி' என்பது 'பாலம் வலி' ஆகிவிடும்.

'வழி' என்ற சொல்லையே தவிர்த்தாள். "பாலத்தைத் தொட்டுச் செல்லும் பேருந்து..." சமாளித்தாயிற்று. ஆனால் அந்த வண்டி நிற்பது ஏழாவது நடைமேடையில்.

"...ஆறுக்கு அடுத்த நடைமேடையில் நிற்கிறது."

பாதிக் கூட்டம் ஐந்துக்கு ஓடியது. டைம்கீப்பர் ஜன்னலைத் தட்டினார். "என்னக்கா, ஜனங்களோட கண்ணாமூச்சி ஆடுறீங்களா?"

மேலாளர் உள்ளே வந்தார். "ஏழுன்னு சொல்றதுக்கு என்னம்மா?"

"ஏலு," என்றாள். "தூங்கலேன்னா இப்படித்தான் சார் வருது. அதுக்குத்தான் பகல் ஷிப்ட் கேட்டேன்."

"நல்லாப் பேசிக் காட்டுன்னா காரணம் சொல்றியே! வீட்டுக்குப் போ. டைம்கீப்பர் பேசட்டும்."

வீடு நிலையத்துக்குப் பின்தெருவில். திரையை இழுத்துவிட்டு, நெற்றியில் ஈரத்துணியோடு படுத்தாள். மண்டைக்குள் யாரோ ஆணி அடித்தார்கள். மைக் போனால் அடுத்து என்ன? சாமான் அறை வேலையா? கணவர் வாசற்படியிலேயே நின்றார்.

"நான் சத்தமே போடல. மூச்சு மட்டும்தான் விடுறேன்."

"அதையும் மெதுவா விடுங்க."

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. "பாலம் வலியாகச் செல்லும் பேருந்து ஏலாவது நடைமேடையில்..."

"ஐயோ, டைம்கீப்பருக்கும் தலைவலியா?" என்றார் கணவர்.

"இல்லைங்க. நல்லாக் குறட்டை விட்டுத் தூங்குற மனுஷன். அவருக்கு நாக்கே அப்படி."

சிரித்தாள். சிரிப்பு ஒவ்வொன்றும் மண்டையில் இடித்தது. இருந்தும் நிறுத்த முடியவில்லை.

சாயங்காலம் மேலாளர் போன் செய்தார். "நாளைக்கு வந்துடு. இனிமே பகல் மட்டும்தான். என் காது தாங்கல."

இனி தூங்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுத்தாள். மறுபடி திருப்பினாள்.