பிரேக் வாத்தியாரும் கயிறும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் பிரேக் வாத்தியார். பழகுகிறவர் பயப்படும் முன்பே இவர் பயந்துபோய், தன் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக்கை ஓங்கி மிதித்துவிடுவார்.

காப்பகத்திலிருந்து அவர் கூட்டிவந்த நாய் வீட்டுக்குள் பரம சாது. வெளியே இன்னொரு நாயைக் கண்டால் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு பாயும். "சனியன், மானத்தை வாங்குது!" என்று தினமும் பொருமிக்கொண்டே வீடு திரும்புவார்.

ஒரு நாள் மனைவியும் கூட நடந்தாள். தூரத்தில் ஒரு வெள்ளை நாய் வந்தது. இவர் நாய் விளக்குக் கம்பத்தை மோந்துகொண்டிருந்தது. வாத்தியார் கயிற்றை வெடுக்கென்று இழுத்தார். அவ்வளவுதான், குரைத்துக்கொண்டு பாய்ந்தது.

"அது பாக்கவே இல்லைங்க. நீங்க இழுத்ததும்தான் ஏதோ ஆபத்துன்னு மிரளுது. இங்கயும் பிரேக்கா?" என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து வேறு நாய் தென்பட்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிக்கொண்டு, கயிற்றைத் தளரப் பிடித்தார். பார்த்தும் குரைக்காமல் இருந்தால் ஒரு துண்டு இறைச்சி. பல நாள் சொதப்பியது.

நேற்று மறுபடியும் அந்த வெள்ளை நாய். இவர் நாய் அதைப் பார்த்தது. பிறகு திரும்பி, எங்கே என் பங்கு என்பதுபோல இவரைப் பார்த்தது. கயிறு தளர்ந்தே இருந்தது.

"அப்பாடா!" என்றார் வாத்தியார்.

மனைவி அவருடைய வலது காலைப் பார்த்தாள். அது தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

"காலை எடுங்க. வண்டி எப்பவோ நின்னாச்சு."