தாய்மாமன் படத்துக்கு இடமில்லை

கோவில்பட்டியில் இருபத்திரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் மண்டூகமாக நடந்துகொண்ட ஒரு நாளைச் சொல்கிறேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் முருகேசன் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். காலையிலேயே போன் அடித்தான்.

“அண்ணாச்சி, நேத்து கடை சாத்துறப்ப சிஸ்டம் அப்டேட் ஆச்சு. இப்ப ஒரு படம் சேத்தா மெமரி பத்தலைன்னு நிக்கி. உடனே வாங்க.”

போனேன். புதூர்ப் பக்கத்திலிருந்து வந்த மாரியம்மாள் கடையில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் மகளுக்குக் காதுகுத்து. நாற்பது முகம் போட்ட பிளெக்ஸ் டிசைன் தயார். தாய்மாமன் படம் மட்டும் இல்லை. வரப்புத் தகராறில் அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஏழு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. முந்தின நாள்தான் அந்த அண்ணன் தங்கச்சி வீடு தேடி வந்து, “எம் மருமவ காதுகுத்துக்கு நான் இல்லாமலா?” என்று கேட்டிருக்கிறார். இரண்டு மணி பஸ்ஸில் பிளெக்ஸ் ஊருக்குப் போக வேண்டும்.

மெமரி என்று காதில் விழுந்தாலே என் கை ஸ்க்ரூ டிரைவருக்குப் போய்விடும். கேபினட்டைத் திறந்தேன். கரிசல் தூசி குப்பென்று கிளம்பியது. ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அதன் பித்தளை நிறப் பல்லைத் தேய்த்து மாட்டினேன். அதே எரர். ஸ்லாட் மாற்றினேன். அதே எரர். என் கடைக்கு ஓடிப்போய் அதே அளவில் வேறு ரேம் கொண்டுவந்து போட்டேன். அப்போதும் அதேதான். மணி பன்னிரண்டு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏலே முருகேசா, நாப்பதுல ஒரு ஆளை எடுத்துட்டு அந்த இடத்துல மாமனை வையி” என்றேன்.

“யாரை அண்ணாச்சி எடுக்க? சித்தப்பாவை எடுத்தா பந்திக்கு வர மாட்டாவ. கொழுந்தனை எடுத்தா பந்தலுக்கே வர மாட்டாவ.”

மாரியம்மாள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். கொஞ்ச நேரம் எல்லா முகத்தையும் பார்த்தார்.

“என்னைய எடுத்துருங்க அண்ணாச்சி. எங்க அண்ணனை அந்த இடத்துல வைங்க. நான் எங்க போயிரப் போறேன்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்றவள் படம் இல்லாமல் காதுகுத்துப் பிளெக்ஸா? வேலை தெரியாதவன் நான், தண்டனை அந்த அம்மாவுக்கா? அவமானமாக இருந்தது.

“அதெல்லாம் வேண்டாம் தாயி. உக்காருங்க” என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். அன்று முதல் தடவையாக மவுசைத் தொட்டேன்.

சி டிரைவ் முழுக்க நிரம்பி, அதன் கோடு செக்கச்செவேல் என்று கிடந்தது. ரேம் பத்தாதபோது சிஸ்டம் ஹார்டு டிஸ்கில் கொஞ்சம் இடம் எடுத்துப் புழங்கும். அதுதான் விர்ச்சுவல் மெமரி. அப்டேட்டோ, திரும்பிப் போக வேண்டியிருந்தால் உதவும் என்று பழைய சிஸ்டத்தை அப்படியே சி டிரைவில் எடுத்து வைத்திருந்தது. புழங்க இடமே இல்லை. மூன்று மணி நேரமாக நான் குற்றமில்லாத ரேமைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

புது சிஸ்டத்தில் பிரிண்டர், ஸ்கேனர் எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். பிறகு டிஸ்க் கிளீனப்பில் பழைய நகலை அழித்து ரீஸ்டார்ட் செய்தேன். முருகேசன் மாமன் படத்தை இழுத்துப் போட்டு சேவ் கொடுத்தான். எரர் வரவில்லை. மாரியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பிளெக்ஸ் இரண்டு மணி பஸ் ஏறியது.

பிள்ளைகளே, மெமரி பத்தலை என்று திரை சொன்னால் கேபினட்டில் கை வைக்கும் முன் டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும் முன்னால், எதையாவது எடுத்துவிடுங்கள் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

மறுநாள் மத்தியானம் மாரியம்மாள் போன் செய்தார். பின்னால் ஒரே மேளச் சத்தம்.

“அண்ணாச்சி, எங்க அண்ணன் பிளெக்ஸ் முன்னாலயே நிக்கான். எம் படத்தை இம்புட்டுச் சின்னதாவா போடுவ நீன்னு எங்கிட்ட சண்டை போடுதான்!”

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“ஏழு வருஷத்துக்கும் சேத்துப் போடுதான் அண்ணாச்சி!”