புகார் பிரிவில் என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரருக்கு ஓய்வு கொடுக்கும் முன் கம்பெனியில் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அத்தனை வருஷம் பகல் முழுக்க வைத்துக்கொண்டவர்கள், ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து மனுஷனை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மறுநாளே சமையலறைக்குள் வந்து டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினார். சர்க்கரையும் உப்பும் ஒரே உயரம் என்பதால் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அன்றைக்கு நான் குடித்த காபியை என் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன். வெங்காயம் நறுக்கினால் பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் பொடியா நறுக்கலாமே" என்பார். ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பார். என்ன வேணும் என்று கேட்டால், "சும்மா பாத்தேன்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கும் பாவம், இருப்புக் கொள்ளவில்லை. போன் அடித்தால் குளியலறையிலிருந்துகூட ஓடி வருவார். எடுத்தால் என் தங்கையாக இருக்கும்.

வாஷிங் மெஷின் விற்று, ரிப்பேரும் பார்க்கிற கம்பெனி அது. இவர் அங்கே புகார் போன் எடுப்பவர். இவர் போன பிறகு, இனிமையான குரல் உள்ள இரண்டு பெண்களை உட்கார வைத்து, ஒரே வாக்கியத்தைச் சொல்லச் சொன்னார்கள்: "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டுவிட்டது." அதைக் கேட்டு ஜனங்களுக்கு இன்னும் வெறி ஏறியது. ஈரத் துணியோடு கம்பெனிக்கே வந்து நின்றார்களாம்.

கடைசியில் முதலாளியே எங்கள் வீட்டுக்கு வந்தார். சின்ன வயசு, அப்பா இடத்துக்குப் புதிதாக வந்தவர். "சார், பழையபடி வந்து உட்காருங்க. ஒரு மாசம் பார்ப்போம்" என்றார். இவர் யோசிக்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் அதற்குள் சாப்பாட்டு டப்பாவைத் தேட ஆரம்பித்திருந்தேன்.

இவருடைய வேலை முறை தனி. யாராவது போனில் கத்தினால் சமாதானம் சொல்ல மாட்டார். அவர்களைவிட ஒரு படி மேலே போய்க் கத்துவார். "ரெண்டு வாரமா ஆளே வரலையா? இவங்கல்லாம் மனுஷங்களா? நானா இருந்தா மெஷினைத் தூக்கிட்டு வந்து வாசல்லயே போட்டிருப்பேன்!" அந்தப் பக்கம் கத்தினவர் பயந்துவிடுவார். "அவ்வளவெல்லாம் வேண்டாங்க, அவங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும், நாளைக்கு அனுப்பினாப் போதும்" என்று வைத்துவிடுவார்.

கல்யாணமான நாளிலிருந்து என்னிடமும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். என் அண்ணனை நான் குறை சொன்னால், இவர் அவரைக் கிழி கிழியென்று கிழிப்பார். கடைசியில் நானே அண்ணன் பக்கம் பேசி, அண்ணனுக்குப் போன் போட்டு நலம் விசாரித்துவிட்டு வருவேன்.

கம்பெனிக்கு நல்ல காலம். மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பெண்களும் அழாமல் வீட்டுக்குப் போனார்கள். எனக்கும் என் சமையலறை திரும்பக் கிடைத்தது. அந்த நிம்மதியில் மண் விழுந்தது. மாடியிலேயே இருக்கும் முதலாளி ஒருநாள் கீழே இறங்கி வந்து, கதவோரம் நின்று கேட்டுவிட்டார். "இந்தக் கம்பெனிக்காரங்களுக்குப் பொறுப்பே கிடையாதுங்க!" என்று இவர் முழங்கிக்கொண்டிருந்த நேரம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இவர் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மேஜையில் வைத்தார். "அவங்களுக்காகத்தாண்டி அவங்களைத் திட்டினேன்" என்றார். அன்றைக்கு முழுக்க சமையலறைப் பக்கமே வரவில்லை. டப்பாக்களை நான் தாறுமாறாகப் போட்டு வைத்தேன், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்த மனுஷன் இப்படியே உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

மறுநாள் காலை கம்பெனிக்குப் போன் போட்டேன். போனை எடுத்து என் புகாரைப் பதிவு செய்யப் போன பெண்ணிடம், முதலாளியைக் கூப்பிடு என்றேன்.

"அம்மா, நீங்க கோவமா இருப்பீங்கன்னு தெரியும்..." என்று ஆரம்பித்தார் முதலாளி.

"கோவமா? நல்ல காரியம் பண்ணீங்க தம்பி! அந்த ஆளை என்னைக்கோ துரத்தியிருக்கணும். வீட்டுலயும் இதே லட்சணம்தான். தொட்டது துலங்காது. சொன்ன பேச்சு கேக்க மாட்டார். வயசுதான் ஆச்சு, என்ன பிரயோஜனம்?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கம்மா. அவர் வந்தப்புறம்தான் வாசல்ல சண்டையே நின்னுச்சு."

"நின்னா என்ன? உங்க மானத்தை வாங்கிட்டாரே!"

"அது... கோவமா இருக்கறவங்க மனசு ஆறணும்னு பேசினதும்மா. காலைலேர்ந்து ரெண்டு பேர் மெஷினைக் கொண்டு வந்து இறக்கிட்டாங்க. அவர் இருந்திருந்தா..."

"நீங்க அவருக்கு வக்காலத்து வாங்காதீங்க தம்பி!"

அந்தப் பக்கம் முதலாளி சிரித்துவிட்டார். "புரிஞ்சுதும்மா. நாளைக்கு வரச் சொல்லுங்க."

"நாளைக்கு எதுக்கு? சாப்பாடு கட்டியாச்சு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், இவர் கதவோரம் நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார் சாவகாசமாக. "தொட்டது துலங்காதுன்னு மட்டும் சொன்னா எப்படி? நான் உன் இடத்துல இருந்தா, இந்த மாதிரி ஆளோட ஒரு நாள்கூடக் குடும்பம் நடத்தியிருக்க மாட்டேன்."

"சேச்சே, என்ன பேச்சு இது! அந்த மனுஷனுக்கு என்ன குறைச்சல்? அவரை மாதிரி யாருக்குக் கிடைக்கும்?" என்று சொல்லி முடித்த பிறகுதான் பார்க்கிறேன், இவர் டப்பாவை எடுத்துக்கொண்டு, விசிலடித்தபடி செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார்.