பூட்டுக்காரர் வீட்டுக் கதவு

எங்கள் மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருப்பவர் பூட்டுக்காரர். ஒல்லியான உடம்பு; அதனால் தெருவில் அவருக்குத் திருப்புளி என்று பெயர். கடைவீதி முனையில் ஒரு மேசையும் சாவி வெட்டும் இயந்திரமும்தான் அவர் தொழில். "பயம்தாங்க நமக்கு முதலாளி. எங்கேயாவது திருட்டு நடந்தா நம்ம வீட்ல நல்ல சாப்பாடு" என்று சிரிப்பார்.

ஒரே மகன். லாரிப் பட்டறையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன் போதை ஊசிக்குப் பழகிவிட்டான். இரண்டு முறை சிகிச்சைக்குச் சேர்த்தார்கள்; இரண்டு முறையும் பாதியில் ஓடி வந்தான். கடைசியில் அம்மாவின் தோட்டை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை.

அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்க்கிறார். "இனிமே அவன் இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது. பூட்டை மாத்துங்க" என்றார். கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, பயம். பெற்ற பிள்ளையின் காலடிச் சத்தத்துக்குப் பயம்.

பூட்டுக்காரர் மாற்றினார். கதவில் புதிதாகத் துளை போட மனமில்லாமல், சாவி திரும்பும் உள்பாகத்தை மட்டும் கழற்றி வேறொன்றைப் பொருத்தினார். வெளியிலிருந்து பார்த்தால் அதே பூட்டு.

மழைக்காலத்தில் ஒரு நாள் இருவரும் வேலை முடிந்து வந்தபோது சாவி உள்ளே நுழையவில்லை. நான் படியில் நின்றிருந்தேன். அவர் மெல்லிய கொக்கிக் கம்பியை விட்டு இழுத்தார். உடைந்த சாவித் துண்டு ஒன்று வந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"திருடன் எவனோ வந்திருக்கான்" என்றார் மனைவி.

"திருடன் கையில நம்ம வீட்டுச் சாவி ஏதுடி? இது அவனுக்கு நான் வெட்டிக் கொடுத்தது. ஒரு பல்லைக் கொஞ்சம் ஆழமா அராவிட்டேன், பாரு. பழைய பூட்டுன்னு நினைச்சிருக்கான். உடையற வரைக்கும் திருப்பிப் பார்த்திருக்கான்."

"எதுக்கு வந்தானாம்? மிச்சத்தையும் வாரிக்கிட்டுப் போகத்தானே?"

"இருக்கலாம். பசிச்சும் வந்திருக்கலாம்."

மறுநாள் முதல் அவர் வீட்டைப் பூட்டவில்லை. கதவைச் சும்மா சாத்திவிட்டு வேலைக்குப் போனார். அடுப்படியில் ஒரு தட்டில் சோறு மூடியிருக்கும். மனைவி அவரோடு பேசுவதை நிறுத்தினார். "இந்த மனுஷனுக்குப் புத்தி பிசகிடுச்சுங்க" என்று என் மனைவியிடம் அழுதார்.

தேநீர்க்கடைக்காரன் விடவில்லை. "என்ன திருப்புளி அண்ணே, ஊருக்கெல்லாம் பூட்டு, உங்க வீட்டுக்கு மட்டும் காத்தா?"

"காத்தாவது உள்ள வரட்டுமே தம்பி."

மகன் வந்தான். நான் பார்க்கவில்லை, எதிர்வீட்டுத் தையல்கார அம்மா பார்த்தார். பட்டை அறுந்துபோன சாவி இயந்திரத்தைச் சரிசெய்ய வீட்டில் வைத்திருந்தார் பூட்டுக்காரர். அதைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். சோற்றைத் தொடவில்லை.

தெரு முழுக்க "நல்லா வேணும்" என்றது. இயந்திரம் நொடியில் வெட்டுவதைக் கையால் அராவ வெகுநேரமாகும். காத்திருக்க யாருக்குப் பொறுமை? வாடிக்கைக்காரர்கள் அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள்.

அன்று மாலை கீழே பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்து நானும் இறங்கிப் போனேன். பூட்டுக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தையல்கார அம்மாவைப் பிடித்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எப்படி இருந்தான்க்கா?"

"எப்படிச் சொல்ல? எலும்பும் தோலுமா. சட்டை முதுகுல கிழிஞ்சிருந்துச்சு. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்."

"குனிஞ்சானா?"

"ஆமா."

பூட்டுக்காரரின் மனைவி உள்ளே போனார். புருஷனுடைய ஒரே நல்ல சட்டையை எடுத்து வந்து, கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற ஆணியில் மாட்டினார்.

பூட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அது என்னோடது."

"உங்களுக்கு எதுக்கு? எந்தக் கல்யாணத்துக்குப் போகப் போறீங்க?" பல நாளுக்குப் பிறகு அவரிடம் பேசிய பேச்சு அதுதான்.

அவன் பிறகு வரவில்லை. உயிரோடு இருக்கிறானா என்பதே யாருக்கும் தெரியாது. தூசி படிந்தால் அந்த அம்மாள் சட்டையைத் துவைத்துக் காயவைத்து, அதே ஆணியில் மறுபடியும் மாட்டுகிறார். வேலைக்குப் புறப்படும்போது கதவைப் பூட்டாமல் சும்மா சாத்துவதும் இப்போது அவர்தான்.