அஞ்சு வீட்டு அடுப்புச் சாம்பல்

அந்த அடுப்பை வாங்கியது என் கணவர். அதில் சேர்ந்த சாம்பலை அள்ளியது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் செல்போன் புதிதாகப் புழங்க ஆரம்பித்த காலம் அது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு யூனிட்டில் வேலை பார்த்தேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறைச் சீவி, பளபளப்புக்கான கிளேஸ் பூச்சில் முக்கி, சூளைக்கு அனுப்புவது என் வேலை. அவர் கரும்பு டிராக்டர் ஓட்டினார். ஒரு நாள் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் லோடு இறக்கிவிட்டு வரும்போது ஸ்டீல் அடுப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே அதை விற்ற ஏஜென்டும் வந்தான்.

அடியில் பேட்டரியில் ஓடும் சின்ன ஃபேன். மேலே உருளையாக ஒரு குழி, சுற்றிலும் காற்று வரத் துளைகள். கடலைத் தோலையும் கரும்புச் சக்கையையும் அரைத்து அழுத்திச் செய்த குச்சிகளை அதில் நிரப்பிக் கொளுத்த வேண்டும். பெல்லட் என்றான் ஏஜென்ட். புகையே வராது, சாம்பல் ஒரு கைப்பிடிதான் என்றான். முதல் மூட்டை தீரும்வரை அது உண்மையாகத்தான் இருந்தது.

அவன் கொண்டுவந்து இறக்கிய இரண்டாவது மூட்டையில் தொல்லை ஆரம்பித்தது. சோறு பாதி வேகும்போதே தீ சுருங்கியது. குழியில் பாதிக்குச் சாம்பல். கவிழ்த்துத் தட்டினாலும் முழுதாக விழவில்லை. அடித்தட்டில் கண்ணாடி மாதிரிக் கட்டிகள் ஒட்டிக்கிடந்தன. ஸ்குரூ டிரைவரால் குத்திப் பெயர்த்தேன். பிறகு ஒவ்வொரு துளையையும் விளக்குமாற்றுக் குச்சியால் குத்தினேன். ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் மறுவேளை வீடு முழுக்கப் புகை. எட்டரைக்கு யூனிட்டில் இருக்க வேண்டும். தலைமுடியில் சாம்பலோடு ஓடினேன்.

அடுப்பைப் பார்க்க வந்த ஏஜென்ட் என்னிடம் பேசவே இல்லை. என் கணவரைப் பார்த்துத்தான் சொன்னான்: "மத்த வூட்டுலல்லாம் ஜம்முன்னு எரியுதுங்க. அக்கா சரியா கிளீன் பண்றதில்ல போல."

"அவளுக்கு எல்லாத்துலயும் அவசரம்," என்று சொல்லிச் சிரித்தார் இவர்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தினமும் காலையில் நான் குந்திக்கொண்டு துளை குத்துவதைப் பாயில் படுத்தபடி பார்த்த மனுஷன்தான் அப்படிச் சொன்னார்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன். அவரிடமும் அதே அடுப்பு இருந்தது.

"எங்கிட்டயும் அதாம்மா சொன்னான். மத்த வூட்டுலல்லாம் நல்லா எரியுதாம். நான்தான் சாம்பலு அள்ள சோம்பப்படறனாம்."

அடுப்பு வாங்கிய இன்னும் மூன்று வீடுகளில் போய்க் கேட்டோம். எல்லாரிடமும் அதையேதான் சொல்லியிருந்தான். வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, அவரவர் வீட்டுக்குள்ளேயே குத்திக்கொண்டிருந்திருக்கிறோம்.

மறுநாள் அடுப்பிலிருந்து பெயர்த்த கட்டி ஒன்றை வேலைக்கு எடுத்துப்போனேன். பொம்மையில் பூசிய கிளேஸ் சூளையில் உருகிப் பளபளப்பாவதைத் தினமும் பார்க்கிறவள் நான். இதுவும் அப்படித்தான் இருந்தது. சூளை பார்த்துக்கொள்ளும் பெரியவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "வெறும் சாம்பலு இப்படி உருகாதும்மா. மண்ணு கலந்துருக்குது," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கை குச்சியை வெந்நீரில் ஊறப்போட்டேன். கரைந்து கூழாகிவிட்டது. யூனிட்டில் களிமண்ணைக் கலக்கி வடிப்பது போலக் கலக்கினேன். மிதந்த சக்கையை ஊற்றிவிட்டு மறுபடி தண்ணீர் விட்டேன். நாலைந்து முறை ஆனதும் பாத்திரத்தின் அடியில் மணல் நின்றது. அதை வழித்துக் கண்ணாடி டம்ளரில் போட்டு வைத்தேன்.

அடுத்த முறை மூட்டை இறக்க அவன் வந்தபோது அஞ்சு வீட்டுப் பெண்களும் தெருவில் நின்றோம். டம்ளரை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இத எப்படி கிளீன் பண்றது? சொல்லு."

"அக்கா, நானா செய்யறன்? வர மூட்டைய இறக்கறன், அவ்ளோதான்."

"அப்ப எங்கள ஏன் சொன்ன? அஞ்சு வூட்டுலயும் பொம்பளைங்க சோம்பேறின்னு எதுக்குடா சொன்ன?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவன் மூட்டைகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனான். மறுவாரம் வேறு மூட்டை கொண்டுவந்தான், அது ஒழுங்காக எரிந்தது. சில மாதத்தில் அவன் வருவதே நின்றுவிட்டது. அடுப்பும் பரணுக்குப் போனது.

ஆனால் அந்தச் சில மாதமும் சாம்பலை அள்ளியவர் என் கணவர். அன்று டம்ளரைப் பார்த்துவிட்டு, "நீ சொன்னது சரிதான் போல இருக்குது," என்றார். அவ்வளவுதான்.

"நாளையிலேருந்து நீங்க அள்ளுங்க," என்றேன்.

முதல் நாள் எரிந்தது பழைய மூட்டையின் மிச்சம்தான்; அரை மணி நேரம் குத்தினார். சட்டையெல்லாம் சாம்பல். நிமிர்ந்து, "பாரு, சுத்தமா இருக்குதா?" என்றார்.

குனிந்து பார்த்தேன். "ரெண்டு தொளை அடைச்சிருக்குது," என்றேன். அடைத்துத்தான் இருந்தது.