ஓர் ஆள் அதிகம்

கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால் கமருன்னிஸா மேடம் முதலில் செய்வது அதிலிருந்து ஆட்களைக் கழிப்பது. தாய்மாமன் போகட்டும். பெரியப்பாக்கள், சித்தப்பாக்கள் எல்லோரும் போகட்டும். தங்கள் நல்வரவை விரும்பும் சுற்றமும் நட்பும் அறவே வேண்டாம். கடைசியில் பெண், மாப்பிள்ளை, தேதி, மண்டபம் என்று நாலுதான் நிற்கும். "ஊரு எதுக்குங்க? மண்டபத்தச் சொன்னா ஊரு தானா வந்துடும்" என்பார், பத்திரிகை வைக்க வந்தவர் முகத்துக்கு நேராகவே. மனிதர்களுக்கும் இதே கதிதான். பக்கத்து மேசைத் தர்மாம்பாளை அவர் இரண்டே விவரத்தில் முடித்துவைத்திருக்கிறார்: காபி, சீனியாரிட்டி.

மேடம் ஒரத்தநாட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி, தஞ்சாவூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதம் நடத்துகிறார். இந்தக் கழித்தல் பைத்தியத்துக்குக் கணிதத்தில் ஒரு பெயர் உண்டு, இன்றியமையாப் பரிமாணம். ஒன்றை முழுதாகச் சொல்லக் குறைந்தது எத்தனை எண்கள் வேண்டும் என்பதுதான் கேள்வி. எம்.எஸ்சி. வகுப்பில் இருபடி வடிவத்தை வைத்து விளக்குவார். பத்து மாறிகள் இரண்டிரண்டாகத் தங்களுக்குள் பெருக்கிக்கொண்டு நின்றால் ஐம்பத்தைந்து உறுப்புகள் வரும், பலகை நிறைந்துவிடும். மாறிகளைத் தக்கபடி மாற்றினால் கலப்பெல்லாம் ஒழிந்து பத்து வர்க்கங்கள்தான் மிஞ்சும். ஆக, பத்து எண்கள் போதும். பிள்ளைகள் நிம்மதியாக மூச்சு விடும்போது மேடம் சாக்பீஸை நீட்டுவார். "போதும்னு யாரு வேணா சொல்லலாம். ஒம்போதுல ஆகாதுன்னு காட்டு, பாப்போம்."

வடிவங்களுக்கு ஒரு நிபந்தனை போட்டால் ஒன்பதே போதும் என்றாகிவிடும். பத்தாவது மற்ற ஒன்பதிலிருந்து தானாக விழுந்துவிடும். ஆனால் ஸ்பின் என்ற குலத்துக்கு, கணிதக்காரர்கள் 'குரூப்' என்பார்களே அதற்கு, போனால் கதை தலைகீழ். அங்கே நிபந்தனைகள் இன்னும் அதிகம், மாறிகள் கூடக்கூடத் தேவைப்படும் எண்களோ மளமளவென்று ஏறிவிடுகின்றன. பிள்ளைகள் இதை நம்ப மாட்டார்கள். "நிபந்தன கூடுனா வேல கூடும். இது என்ன பொம்பளைங்களுக்குப் புதுசா?" என்பார் மேடம்.

இந்தப் பாடத்தில் அவருக்கு ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. அதன் பெயர் கலைமகள். திருக்காட்டுப்பள்ளி விவசாய வீட்டுப் பெண், எம்.எஸ்சி.யில் ஒரே பெஞ்சு. பதக்கம் கமருன்னிஸாவுக்கு, அவளுக்கு அடுத்த இடம். சென்னையில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்ததும் கமருன்னிஸாவுக்குத்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. நிக்காஹ் முடிந்த கையோடு கணவர் யூசுப்புக்குக் குவைத் விசா வந்துவிட்டது, படுக்கையில் கிடந்த மாமியாரை யார் பார்ப்பது? அதே வருடம் கலைமகள் சாஃப்ட்வேர் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு கனடா போனாள். அங்கே வேலை எதுவும் அமையவில்லை, வெளியே பனி. வீட்டிலேயே இருந்தால் கிறுக்குப் பிடிக்கும் என்று பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். "நான் படிக்கணும்னு தவிச்சேன். அவ பொழுது போகலன்னு படிச்சா" என்று மேடம் சொல்லும்போது குரலில் சிரிப்பு இருக்கும், முகத்தில் இருக்காது. பொறாமையா என்று யாரும் கேட்டதில்லை. பொறாமைதான், வேறென்ன?

போன வருடம் கலைமகளின் கட்டுரை ஒன்று இணையத்தில் வந்தது. ஸ்பின்னுக்கு உறவான ஒரு குலத்துக்கு இத்தனை எண்களுக்குக் குறைந்தால் ஆகாது என்று அது நிறுவுகிறது. எழுதியவர்கள் நான்கு பேர், கலைமகள் தவிர மூவரும் வெள்ளைக்காரர்கள், பெயர்கள் அகர வரிசையில். யார் எதை எழுதினார்கள் என்று போடும் வழக்கம் இந்தத் துறையில் இல்லை. மேடம் அதைப் பஸ்ஸில் படித்தார், மீன்குழம்பு கொதிக்கும்போது படித்தார். படித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "இதுக்கு நாலு பேரு வேணாம் தர்மா. மூணு பேரு போதும்."

அதிகப்படியான ஆள் யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. மூன்றாம் பகுதி சுற்றி வளைத்து எழுதப்பட்டிருந்தது. "இது கலைமகள் கைதான். அப்பவே அப்படித்தான், மூக்கத் தொடத் தலையச் சுத்துவா." ஐந்தாம் பகுதியோ ஒன்றரைப் பக்கம். ஒரே ஒரு இருபடி வடிவத்தை எதிரே கொண்டுவந்து நிறுத்தி, குறைந்தால் ஆகாது என்பதை முடித்துவிடுகிறது. அதை வகுப்பில் நடத்திய மேடம், பலகையை அழித்துவிட்டு இன்னொரு முறை எழுதிக் காட்டினார். "வெள்ளக்காரன் மூளையே தனி" என்றார் பிள்ளைகளிடம். பிறகு மூன்றாம் பகுதியை ஒழித்துக்கட்ட உட்கார்ந்தார். ஆவணி முழுக்க அதே வேலை. அது இல்லாமலே நான்காம் பகுதிக்குப் போக ஒரு நேர்வழி கிடைத்தது. எத்தனை முறை சரிபார்த்தும் வழி தப்பாகவில்லை.

மார்கழியில் கலைமகள் ஊருக்கு வந்தாள். கல்லூரி அவளை அந்தக் கட்டுரை பற்றிப் பேச அழைத்தது, வரவேற்புரை கமருன்னிஸா. மூன்று வாக்கியத்தில் வரவேற்று முடித்தார். கலைமகள் பேசி முடித்து, கேள்வி ஏதாவது உண்டா என்றதும் மேடம் எழுந்து நேரே பலகைக்குப் போனார். தன் வழியை மளமளவென்று எழுதினார்.

"இப்படிப் போனா மூணாவது பகுதியே தேவையில்லையே, மேடம்?"

ஒரே பெஞ்சில் இருந்தவளை மேடம் என்றதில் இருந்த காரம் தர்மாம்பாளுக்கே உறைத்தது.

கலைமகள் கிட்டே வந்து வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். பலகையில் தோளைச் சாய்த்து இன்னொரு முறை படித்தாள்.

"ஆமாடி. தேவையில்லதான்" என்றாள். "அது எங்க ப்ரொஃபசர் எழுதுனது. வேணாம்னு எனக்கும் பட்டுச்சு, ஆனா எப்படி எடுக்கறதுன்னு தெரியல. நீ எடுத்துட்டியே. எழுதி அனுப்பு, அவருகிட்ட நான் காட்டுறேன்."

மேடம் சாக்பீஸோடு அவள் பக்கம் திரும்பினார்.

"அப்ப உன்னோடது எது?"

"அஞ்சாவது. ஒன்றரப் பக்கந்தான். ஆனா ரெண்டு வருஷம் உசுர வாங்கிடுச்சு."

முன்வரிசைப் பெண்கள் திரும்பி ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் மேடத்தைப் பார்த்தார்கள்.

மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார். பலகையில் சாய்ந்ததில் கலைமகளின் தோளெல்லாம் வெள்ளையாக இருந்தது. கிட்டே போய்த் தட்டிவிட்டார். பலமாகவே தட்டினார். தூள் அந்த ஒரு தட்டிலேயே போய்விட்டது.

"வலிக்குதுடி" என்றாள் கலைமகள்.

"நில்லு, இன்னும் இருக்கு" என்று மேடம் மறுபடியும் தட்டினார்.