மண்டபத்தின் இரண்டு முனைகள்

வவுனியாவில் விஞ்ஞானக் கண்காட்சி ஒன்று நடக்கிறது, பிள்ளைகள் எல்லாவற்றையும் தொட்டும் இயக்கியும் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை மல்லாவியில் குடும்பமாக பஸ் ஏறினோம். மாங்குளம் வருவதற்குள் மகள்கள் இரண்டு பேருக்கும் யன்னல் சீற்றுக்காகச் சண்டை.

"இனி உன்னோட கதைக்கவே மாட்டன்" என்றாள் பதினொரு வயது மூத்தவள்.

"நானும்தான்" என்றாள் ஆறு வயது இளையவள்.

வவுனியாக் கடையில் ரொட்டி சாப்பிடும்போதும் அதே கோலம். "அம்மா, அவவைச் சம்பலை இஞ்சால தள்ளச் சொல்லுங்கோ" என்று என் ஊடாகத்தான் பேச்சு. நானும் சலிக்காமல் தூது போனேன். சிரித்தால் இரண்டும் என்மேல் பாயும்.

மண்டப வாசலில் 'தொட்டுப் பாருங்கள்' என்று பெரிதாக எழுதியிருந்தது. வீட்டில் விடிந்தால் பொழுதுபட்டால் 'தொடாதே' என்றே சொல்லிப் பழகிய எனக்கு அதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. உள்ளே கப்பி பூட்டிய கதிரை ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்து கயிற்றை இழுத்தால் நம்மை நாமே மேலே தூக்கிக்கொள்ளலாம். என் கணவர் ஒரு தரம் ஏறி இறங்கிவிட்டு, பேசாமல் போய் மறுபடியும் வரிசையின் கடைசியில் நின்றார். அவருக்கு முன்னால் நின்றதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

மண்டபத்தின் இரண்டு முனைகளிலும் பொரிக்கிற தாச்சிச் சட்டியை ஆளுயரத்தில் நிமிர்த்தி வைத்ததுபோல இரண்டு குழிந்த தட்டுகள் நின்றன. ஒன்றின் முன் உட்கார்ந்து மெல்லச் சொன்னால் மற்றதில் இருப்பவருக்குக் கேட்குமாம். அங்கே நின்ற பல்கலைக்கழக மாணவிக்கு எங்கள் வீட்டுச் சண்டை எப்படித் தெரியும்? "அக்காவும் தங்கச்சியுமே? அப்ப ஆளுக்கொரு பக்கம் போய் இருங்கோ" என்று அனுப்பிவிட்டாள்.

இருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த இளையவள் சிறிது நேரம் காலை ஆட்டினாள். பிறகு முன்னால் குனிந்து ஏதோ முணுமுணுத்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே அது கேட்கவில்லை. ஆனால் அந்த முனையில் மூத்தவள் துள்ளி எழும்பி, சனத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அம்மா, தங்கச்சிக்கு ஒண்டுக்கு வருதாம்!"

நான் அசைவதற்குள் அவளே தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போதும் கையை விடவில்லை. நேரே போய் மறுபடியும் அதே இடங்களில் உட்கார்ந்தார்கள். இந்த முறை கதை முடியவேயில்லை. பின்னால் வரிசை நீண்டு, மாணவி கெஞ்சித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

"நீங்களும் அங்கிளும் ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ அன்ரி" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளைகள் தள்ளிக்கொண்டுபோய் இருத்தினார்கள். இவர் அந்த முனையில் தொண்டையைச் செருமுவது என் காதுக்குள்ளேயே கேட்டது. பிறகு, "இஞ்சேர்... சாப்பிட்டனியே?" என்றார்.

கொஞ்சம் முந்தித்தான் ஒரே மேசையில் சாப்பிட்டிருந்தோம். வயலில் இருந்து போன் எடுத்தாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

"ஓம், சாப்பிட்டனான். நீங்கள்?" என்றேன்.

"அப்பா என்ன சொன்னவர்? சொல்லுங்கோ" என்று இரண்டு பேரும் என் சீலையைப் பிடித்து இழுத்தார்கள். நான் சொல்லவில்லை.